கடனுக்குப் போன தீவு

டிசம்பர் லீவில் பிஜி தீவுக்குப் போகலாமா? (திருச்சி வாசகர்)

போகலாம், குடையோடு. அங்கே அப்போது கோடை. மழையும் புயலும் கோடையில்தான், நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வானம் வெளுத்திருப்பது மே முதல் அக்டோபர் வரை. நம் பள்ளிக்கூட லீவு லிஸ்ட்டை அங்குள்ள மேகங்களுக்கு யாரும் அனுப்பவில்லை.

சுவா போன நண்பர் நனைந்து வந்தார். நாண்டி போன மைத்துனர் கறுத்து வந்தார். யார் சொல்வது பொய்? (கோவை வாசகர்)

மைத்துனரைச் சந்தேகிக்காதீர்கள். இரண்டு ஊரும் ஒரே தீவில்தான், விட்டி லெவுவில். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று நடுமலையில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. அங்கே தொமனிவி சிகரம் மட்டும் 1,324 மீட்டர். முன்பக்கத்துச் சுவாவுக்கு வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மலைக்குப் பின்னாலுள்ள நாண்டிக்கு 2,000-க்கும் குறைவு. சொகுசு விடுதிகள் எந்தப் பக்கம் என்று சொல்லவும் வேண்டுமா?

அப்புறம் எதற்கு நனைகிற ஊரைத் தலைநகராக்கினார்கள்? (சென்னை வாசகி)

ஒரு கடன் கதை கேளுங்கள். 1849 ஜூலை 4 அன்று அமெரிக்கத் தூதர் ஜான் வில்லியம்ஸ் தன் நாட்டின் சுதந்திர தினத்தைப் பீரங்கி வெடித்துக் கொண்டாடினார். வீடு பற்றிக்கொண்டது. தீவுக்காரர்கள் சிலர் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். பில் வந்ததோ தகோம்பாவ் என்ற தலைவருக்கு. அவர் ஆண்டது பாவ் என்ற குட்டித் தீவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும்தான். 'பிஜி மன்னர்' என்று அவரை மற்றவர்கள் அழைத்ததை அமெரிக்கர்கள் வசதியாக நம்பிக்கொண்டார்கள். வேறு கோரிக்கைகளும் சேர்ந்து தொகை 40,000 டாலரைத் தாண்டியது.

1868-இல் மெல்பர்னில் ஒரு கம்பெனி, 'கடனை நாங்கள் அடைக்கிறோம், 2,00,000 ஏக்கர் கொடுங்கள்' என்றது. சுவாவும் அதில் சேர்த்தி. குடியேறியவர்கள் பருத்தி போட்டார்கள், கரும்பு போட்டார்கள். இரண்டும் தேறவில்லை. விளையாத நிலத்தை வேறு எப்படித்தான் காசாக்குவது? அரசாங்கத்தின் தலையில் கட்டலாம்! பழைய தலைநகர் லெவுகா மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்குண்டு கிடந்தது. 1882-இல் தலைநகர் சுவாவுக்கு வந்தது. அன்று முதல் அதிகாரிகள் நனைகிறார்கள்.

தகோம்பாவுக்கு என்னதான் கிடைத்தது? (நெல்லை வாசகர்)

1874 அக்டோபர் 10 அன்று தீவுகளை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தார். தன் போர்க் கதாயுதத்தையும் விக்டோரியா ராணிக்கு அனுப்பிவைத்தார். பிறகு விருந்தாளியாக சிட்னி போய்த் திரும்பினார். கூடவே தட்டம்மையும் கப்பலில் வந்து இறங்கியது. 1875-இல் அதற்குப் பலியானவர்கள் சுமார் 40,000 பேர். ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாது. கதாயுதம் 1932-இல் திரும்பி வந்தது.

நரமாமிசம் உண்மையா? (சேலம் வாசகர்)

1867-இல் தாமஸ் பேக்கர் என்ற பாதிரியாருக்கு அந்தக் கதி நேர்ந்தது. அது நடந்த கிராமத்தார் 2003-இல் அவருடைய வம்சத்தாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டார்கள். கரும்புக் கம்பெனிகளில் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று அடுத்த கேள்வி வரும் முன்பே ஓடிவிடுகிறேன்.

ஓட விடமாட்டேன். நம்மவர்கள் அங்கே போனது எப்படி? (தஞ்சை வாசகி)

கரும்பு வளர மழை வேண்டும். தண்டில் சர்க்கரை ஏற வறண்ட மாதங்கள் வேண்டும். இரண்டும் கூடிவந்த இடம் மலைக்குப் பின்பக்கம்: லவுடோகா, பா, ரகிரகி. அங்கே பெரும்பாலும் சிட்னியின் சி.எஸ்.ஆர். கம்பெனி வைத்ததுதான் சட்டம். கவர்னர் ஆர்தர் கார்டன் பூர்வகுடிகளின் நிலத்தை விற்கக் கூடாது, அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது என்றார். நியாயமான மனிதர்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். 1879-இல் லியோனிதாஸ் என்ற கப்பல் முதலில் வந்தது; 1903 முதல் சென்னையிலிருந்தும் வந்தார்கள். 1916 வரை மொத்தம் 60,000 பேருக்கு மேல். ஐந்து வருஷ ஒப்பந்தம். வேலையில் குறை வைத்தால் கோர்ட், அபராதம், ஜெயில். பாரதி பிஜியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடாமல் அவரால் இருக்க முடியவில்லை.

அவர்கள் பேரன் பேத்திகளுக்கு நிலம் உண்டா? (அதே வாசகி)

பெரும்பாலும் குத்தகைதான். கார்டன் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. 80 சதவீதத்துக்கும் அதிகமான நிலம் பூர்வகுடிகளுடையது. 1990-களின் கடைசியில் முப்பது வருஷக் குத்தகைகள் முடியத் தொடங்கியதும் எத்தனையோ குடும்பங்கள் கரும்பை விட்டு நகரத்துக்குக் கிளம்பின. யார் பக்கம் நியாயம் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் இருக்கிறது, அதுதான் தொல்லை.

அங்கே தமிழ் கேட்குமா? (ஈரோடு வாசகர்)

நாண்டி முருகன் கோயிலில் கேட்கும். தெருவில் பிஜி ஹிந்தி.

சுதந்திரம் வாங்கியும் கொடியில் இன்னும் பிரிட்டிஷ் கொடி இருக்கிறதாமே? (மதுரை வாசகர்)

1970-இல் சுதந்திரம். 2015-இல் பிரதமர் பைனிமராமா கொடியை மாற்றப்போவதாக அறிவித்தார். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோனது. அதே வருஷம் ஆகஸ்டில் ரியோவில் ரக்பி செவன்ஸ் அணி நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கத்தை, வென்றது. வீதியெல்லாம் ஜனங்கள் அந்தப் பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பிரதமர் யோசனையைக் கைவிட்டார். பதக்கத்துக்காக ஏழு டாலர் நோட்டு ஒன்று அச்சடித்தார்கள்.