மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ

செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழி தினம். அதற்கென்று கைக்கு வந்த அழைப்பிதழைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. எட்டு நிகழ்ச்சியில் ஆறு ‘உரை’. கௌரவிக்கப்படுபவர், காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கடல் கடந்து வந்திருக்கும் தொண்டாசிரியர். அவருக்கும் காது கேளாது. அவர் பேச ஓர் இடமும் நிரலில் இல்லை. பொன்னாடை மட்டும் உண்டு.

பதுளையானாலும் பண்டாரவளையானாலும் விழாவுக்கு விதி ஒன்றுதான். காலையிலேயே ஒலிபெருக்கிக்காரர் வந்து, ஆளுயரப் பெட்டிகள் இரண்டைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பி வைப்பார். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று அரை மணி நேரம் சோதிப்பார். சத்தம் போதவில்லை என்று அமைப்பாளர் குறைப்படுவார். யாருக்குப் போதவில்லை என்று எவரும் கேட்பதில்லை. பிரதம அதிதி ஒன்றரை மணி தாமதமாக வந்து, நேரமின்மையால் சுருக்கமாகப் பேசுவதாக அறிவித்து, முக்கால் மணி பேசுவார். நடுவில் மைக் வீறிடும். மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். யாருக்காக விழாவோ அவர்கள் மட்டும் நிம்மதியாக இருப்பார்கள். பரிசு கொடுக்கும்போது பெரியவர் குனிந்து, பிள்ளையின் காதருகே, ‘நல்லாப் படிக்கணும், என்ன?’ என்று கத்துவார். வெளிநாட்டு ஆசிரியரிடம் அதையே ஆங்கிலத்தில் கத்துவார். ஆங்கிலம் என்றால் எந்தக் காதும் திறந்துவிடும் என்ற நம்பிக்கை. கடைசியில் இன்னிசை நிகழ்ச்சி. அதற்கும் அதே பெட்டிகள். பிறகு எல்லாரும் ‘பாவம்’ என்று ஒருமுறை சொல்லி, பற்றீஸும் தேநீரும் சாப்பிட்டுக் கலைவோம்.

சொல்ல வந்தது தொண்டாசிரியரைப் பற்றி; விழா இடத்தைத் தின்றுவிட்டது. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்த கையோடு இரண்டு வாரம் ‘கற்பித்து’விட்டு, பிள்ளைகளை அணைத்தபடி படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள்தான் சைகை சொல்லிக்கொடுக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் கட்டணம் அவர்கள் கட்ட வேண்டும். காது கேளாத ஆசிரியரின் கதை வேறு. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். லயத்தில் அப்படியொரு பிள்ளை, விரல் நுனியால் கொழுந்து கிள்ளிக் காட்டினால் அம்மா மலைக்குப் போய்விட்டாள் என்று புரிந்துகொள்ளும். ஆனால் அம்மா திரும்பும்வரை மனதில் ஓடியதைச் சொல்ல அந்த வீட்டுச் சைகைகள் போதாது. தமிழில் காது கேளாதோர் கல்விக்கென்று பேர்பெற்ற நஃபீல்ட் பாடசாலை 1956இல் தொடங்கியது; இருப்பதோ யாழ்ப்பாணத்துக் கைதடியில். பசறைத் தோட்டத்துத் தாய்க்கு அது தீவின் மறுகோடி. தன்னைப் போலவே காது கேளாத ஒருவர் படித்து, சம்பளம் வாங்கி, வகுப்பை நடத்துவதை அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

காது கேளாதவரே கற்பிக்கட்டும் என்றால், ‘அவர் எப்படி வகுப்பு நடத்துவார்?’ என்பது முதல் ஆட்சேபம். 1816இல் பிரான்சிலிருந்து கப்பலேறிய காது கேளாத லோரான் கிளேர், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்று நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற காது கேளாத கறுப்பின அமெரிக்கர் 1957இல் கானாவில் தொடங்கி, ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். வகுப்பு நடந்தது. கேட்கும் காதுள்ளவர்கள் கூடி என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். 1880இல் மிலான் மாநாட்டில் நூற்றறுபதுக்கு மேற்பட்டோர் கூடினார்கள். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வகுப்பில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானித்தார்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010இல் வான்கூவர் மாநாடு கூட வேண்டியிருந்தது. நூற்று முப்பது ஆண்டு. நம் வலயக் கல்விப் பணிமனைக் கோப்புகூட அதற்குள் ஒரு மேசை நகர்ந்திருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: வெளிநாட்டவரின் சைகை மொழி நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? முழுதும் பொருந்தாது. உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. பிரித்தானியர் எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள், அமெரிக்கர் ஒரு கையால். இரண்டிலும் நம் ‘ழ’ இல்லை. ஃபாஸ்டர் மேலும் இதே குறை உண்டு: அமெரிக்கச் சைகையைக் கொண்டுபோய் அங்கிருந்த சைகைகளை ஓரங்கட்டினார் என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபத்தின் முடிவு என்ன? வெளிநாட்டவர் பொருந்தாவிட்டால் லுணுகலையிலோ மடுல்சீமையிலோ பிறந்த காது கேளாத இளைஞர் ஒருவரை ஆசிரியராக்க வேண்டும். அங்கே வந்ததும், இவ்வளவு நேரம் வாதாடியவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடல் கடந்து வந்தால் காது கேளாமை தகுதியாகி மாலை விழுகிறது. தோட்டத்தில் பிறந்தால் அதே காது கேளாமை குறைபாடாகிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, நியமிக்கச் சொல்கிறது. கையெழுத்து போட்டாயிற்று, இனி ஆளை எடுங்கள். அதுவரை அழைப்பிதழ் அனுப்ப வேண்டாம், நான் வரமாட்டேன்.