அத்திவரதர் வருவதற்குள் அடைந்துவிடும்

காசில்லாமல் கட்டடம் கட்டிய ஒரே ஆள் நம் பக்கத்தில் பூசலார்தான். காஞ்சியில் பல்லவ ராஜா கைலாசநாதருக்குக் கல்லால் கோயில் எழுப்பிக்கொண்டிருந்தபோது, திருநின்றவூரில் அவர் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, விமானம் வைத்து, குளமும் வெட்டி, ராஜா குறித்த அதே நாளில் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். சிவபெருமான் ராஜாவின் கனவில் போய், உன் தேதியை மாற்றிக்கொள், அன்றைக்கு எனக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றாராம். பூசலார் இன்றைக்கு இருந்திருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்கே போன் வந்திருக்கும்: "சார், கனவு இல்லம் கட்டுறீங்களாமே? நாப்பது லட்சம் வரைக்கும் ப்ரீ அப்ரூவ்டு சார்."

வீடு கட்ட எவ்வளவு கடன் வாங்கலாம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆளே ஊரில் இல்லை. பதில் சொல்கிற அத்தனை பேரும் ஒன்று கடன் கொடுக்கிறவர்கள், இல்லை அதில் கமிஷன் பார்க்கிறவர்கள். கையில் வரும் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகலாம் என்கிறார் வங்கிக்காரர். மிச்சப் பாதியில் அரிசி, பள்ளிக்கூடம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அடங்கிவிட வேண்டும். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதற்கு மேல் போகாதே என்று வங்கியின் கையைக் கட்ட வைத்த கயிறு அது. நாம் அதை "தொண்ணூறு பர்சென்ட் கிடைக்குமாம்" என்று பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 30 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000. கட்டி முடிக்கும்போது மொத்தம் 62.5 லட்சம். "கஷ்டமா இருக்கா? முப்பது வருஷமா போட்டுடலாம் சார், மூவாயிரம் குறையும்." குறையும், ஐயா. தவணை 23,000 ஆகும், மொத்தம் 83 லட்சம் ஆகும். மாதம் மூவாயிரம் இறக்கிக் கொடுத்த கருணைக்கு இருபது லட்சம் கூலி! 2019-இல் காஞ்சியில் நாற்பத்தெட்டு நாள் தரிசனம் கொடுத்து அனந்தசரஸ் குளத்துக்குள் போன அத்திவரதர் மறுபடி எழுந்தருள்வது 2059-இல். 2029-இல் முப்பது வருடக் கடன் வாங்குகிறவர், அவரும் அதுவரை இருந்தால், கடைசித் தவணையைக் கட்டிவிட்டு நேராக வரிசையில் போய் நிற்கலாம்.

அதுவும் வட்டி ஏறாமல் இருந்தால். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வீட்டுக் கடன் வட்டி பின்தொடரும் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5-க்குப் போனது. அதற்கு முன் 6.7 சதவீதத்தில் இதே 30 லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கியவருக்குத் தவணை 22,700. ஏற்றம் முழுசாக வந்து சேர்ந்தபோது மாத வட்டியே 22,600-ஐத் தொட்டது. தவணையை ஏற்றாமல் விட்டால் அசலில் கழிவது நூறு ரூபாய். பல பேருக்குத் தவணை ஏறவில்லை, வருடங்கள் ஏறின. பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் 2023 ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரைக் கேட்டுச் செய்யுங்கள் என்று எழுதியது. வீடு நம்முடையது, ஆயுள் நம்முடையது. கேட்டுவிட்டுச் செய் என்று சொல்ல ஒரு சுற்றறிக்கை தேவைப்படுகிறது.

இவ்வளவும் சம்பளச் சீட்டு உள்ள புண்ணியவான்களின் பாடு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போடுகிறவர் கதை வேறு.

அவர் வீட்டில் நடுக்கூடத்தில் குழி. குழிக்குள் கால், மிதிபலகை, தலைக்கு மேல் ஜக்கார்டு. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் இரண்டு ஆள் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள். நான் பார்த்தபோது மதிப்பீட்டுக்கு வந்த இன்ஜினியர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இத மூடி டைல்ஸ் போட்டா வேல்யூ ஏறும்" என்றார். தவணை கட்டப் பணம் வருவதே அந்தக் குழியிலிருந்துதான் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வங்கியில் கூலிப் புத்தகத்தை நீட்டினால் "இர்ரெகுலர் இன்கம்" என்றார்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்து 2005-லேயே கௌரவித்தாயிற்று. நெய்கிறவருக்குத்தான் இன்னும் குறியீடு கிடைக்கவில்லை.

சரி, அரசு மானியம்? நகரத்தில் தானே கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2.10 லட்சம் என்று கொடுத்தார்கள். அதுவும் கட்டக் கட்டத்தான். பேஸ்மட்டம் முடித்தால் ஒரு பங்கு, லிண்டல் வந்தால் ஒரு பங்கு, தளம் போட்டால் ஒரு பங்கு. பேஸ்மட்டம் போடப் பணம் இருந்தால் அவர் ஏன் வந்து நிற்கிறார் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. வங்கிக் கடனும் இதே படிக்கட்டுதான். நடுவில் கம்பிக்காரர், கொத்தனார், எம் சாண்ட் லாரிக்காரர் யாரும் படிக்கட்டில் காத்திருக்க மாட்டார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகும், தண்டல்காரர் வாசலுக்கு வருவார். எஸ்டிமேட்டில் இல்லாத போர், செப்டிக் டேங்க், கரண்ட் மீட்டர், கிரகப்பிரவேசச் சாப்பாடு எல்லாம் அவர் நோட்டில் ஏறும். கோயில் மனையில் குடியிருந்தால் பட்டா இல்லை, வங்கி வாசலே மிதிக்க முடியாது. தொல்லியல் சட்டப்படி கைலாசநாதர் கோயிலிலிருந்து நூறு மீட்டருக்குள் இருந்தால் புதுசாகக் கட்டவே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க அலைய வேண்டும். ராஜா கட்டியது 1,300 வருடம் நிற்கிறது; பக்கத்தில் தறிக்காரர் ஒரு சுவர் வைக்க முடியவில்லை.

கடைசியில் மிஞ்சுவது தறிக்கு வேலை கொடுக்கும் பட்டு முதலாளி. அவர் சிபில் பார்க்க மாட்டார், பத்திரம் கேட்க மாட்டார். "எவ்ளோ வேணும் சொல்லு" என்பார். வட்டி கிடையாது, முன்பணம்தான். அடையும்வரை வேறு முதலாளிக்குப் பாவு ஏற்றக் கூடாது, கூலி போதாது என்று வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த முன்பணத்துக்குப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்ததை 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையாக எழுதியது. அதில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். சட்டத்துக்கும் அறிக்கைக்கும் நடுவில் இருபத்தேழு வருடம் இந்த ஊரில் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள், நான் உட்பட, பேட்டுக் கரையின் அகலத்தைத்தான் தடவிப் பார்த்தோம்.

எவ்வளவு வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு: தறி இரண்டு மாதம் நின்றாலும் கட்ட முடிகிற தவணை எதுவோ, அதுவரைக்கும். அதற்கு ஒரு அறைதான் வருமென்றால் ஒரு அறை கட்டுங்கள். மாடி பிறகு வரும், வராமலும் போகட்டும். குழியை மூடாதீர்கள். ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு நீட்ட முடியாது, வேலை நிற்கும். தவணை தேதி ஐப்பசியிலும் ஐந்துதான்.