ஒரு கை ஓசை

கேள்வி: வட அயர்லாந்தில் அரசு கவிழ்வதும் மறுபடி அமைவதுமே வாடிக்கையாகிவிட்டதே... அதிகாரப் பகிர்வால் என்ன லாபம்?

பதில்: துப்பாக்கி பேசிய இடத்தில் இன்று வாய் பேசுகிறதே, அதுதான் லாபம்! 30 ஆண்டு மோதலில் சுமார் 3,500 உயிர்களைப் பறிகொடுத்த மண் அது. பிரிட்டனோடு இருக்க விரும்புவோரும் அயர்லாந்தோடு இணைய விரும்புவோரும் சேர்ந்தே ஆள வேண்டும் என்றது 1998 புனித வெள்ளி உடன்படிக்கை. முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் காலி.

சிக்கலும் அங்கேதான். 2017-ல் துணை முதல் அமைச்சராக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் விலகினார்; அயர்லாந்து இணைப்பை விரும்பும் சின் ஃபெயின் கட்சிக்காரர். மூன்றாண்டு அரசு முடங்கியது. 2022-ல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டின் வர்த்தக விதிகளை எதிர்த்து, பிரிட்டனோடு இருக்க விரும்பும் டி.யு.பி. கட்சி வெளியேறியது; இன்னும் இரண்டாண்டு போச்சு. தலைவர்கள் முறைத்துக்கொள்ள, தண்டனை மக்களுக்கு. ஆஸ்பத்திரிகளில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. சம்பள உயர்வு கேட்டு 2024 ஜனவரி 18 அன்று நர்ஸுகள், ஆசிரியர்கள், பஸ் டிரைவர்கள் எல்லோரும் ஸ்டிரைக். உறைபனிச் சாலையில் உப்பு தூவும் ஊழியர்கள்கூட வேலைக்குப் போகவில்லை!

பிப்ரவரி 3 அன்று அரசு மீண்டது. மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சர். அயர்லாந்து இணைப்பை விரும்பும் தரப்பிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். டி.யு.பி.யின் எம்மா லிட்டில் பெங்கெலி துணை முதல் அமைச்சர்.

பகிர்வு வேண்டும். ஒரே கட்சி கோபித்துக்கொண்டு கோட்டையைப் பூட்டும் விதி மட்டும் மாற வேண்டும்.