முதல் போர்டு: பரபக்கமும் சுபக்கமும்

எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவர் முதலில் எந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வாங்க வேண்டும்? சான்றோர் எவரும் ஒருமித்துச் சொல்லாத இவ்வினாவைத் தீர்த்துவைப்பதே இவ்வாய்வின் நோக்கம். பிறர் மதம் மறுத்துத் தன் மதம் நாட்டும் நம் தருக்க மரபின்படி, பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னுமாக இது செல்லும். இன்னும் எதையும் வாங்காதவரே ஆய்வின் எல்லைக்குள் வருவார். வாங்கிவிட்டவர் ஏதோ ஒரு மதத்தில் சேர்ந்துவிட்டதால் அவர் சாட்சியம் தள்ளப்பட்டது.

பரபக்கம்

முதலாவது, 8051 மதம். இன்டெல் 1980-இல் வெளியிட்ட இந்தச் சிப்பில் நிரலுக்கு 4 கிலோபைட், ரேம் 128 பைட். நம் பொறியியல் கல்லூரி லேபுகளில் இதைத் தொட்டு வளர்ந்தவர்களே இம்மதத்தின் மூத்தோர். ‘ரெஜிஸ்டர் தெரியாமல் எல்இடி எரித்தால் அது எரிந்ததாகாது’ என்பது அவர்தம் கொள்கை. அற்றன்று, எரிந்ததைக் கண்ணால் கண்டோம். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் காட்சியே முதலாவது. ஆகவே எரிந்தது எரிந்ததேயாம்.

இரண்டாவது, யூனோ மதம். கி.பி. 1002 முதல் 1014 வரை இத்தாலியின் அரசராயிருந்தவர் ஆர்டுயின். அவர் பெயரை இவ்ரேயா நகரத்து மதுக்கடை ஒன்று சூடிக்கொண்டது. 2005-இல் அக்கடைக்குப் போய்வந்த மாசிமோ பான்சி முதலியோர் கடையின் பெயரையொட்டித் தங்கள் போர்டுக்கு ஆர்டுயினோ எனப் பெயர் வைத்தார்கள். அரச பரம்பரை இவ்வாறும் தழைக்கும். அவ்வரிசையில் 2010-இல் வந்த யூனோ 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் ரேமும் உடையது. 5 வோல்ட்டில் இயங்கும். ஆனால் இதன் 7-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க. மற்றப் பின்களெல்லாம் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க, இங்கு மட்டும் சுமார் 4 மில்லிமீட்டர். அதனால் சாதாரண டாட் போர்டை இதன் தலைமேல் செருக முடியாது. திருத்தக்கூடாதோ எனின், அதற்குள் பழைய அளவிலேயே மேலே செருகும் ஷீல்டுகள் வந்துவிட்டன. பிழை மூத்தால் மரபு.

மூன்றாவது, ஈஎஸ்பி32 மதம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரஸிஃப் நிறுவனம் 2016-இல் தந்தது. 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், வைஃபை, புளூடூத். இத்தனைக்கும் விலை, ஒரிஜினல் யூனோவைவிடக் குறைவு. இதை எவ்வாறு மறுப்பது? 34, 35, 36, 39 ஆகிய பின்களால் மறுக்கலாம். இவை கருமியின் கை போன்றவை, வாங்கும், கொடா. இவற்றில் எல்இடியை மாட்டிய புதியவர் எல்இடி மேல் ஐயம் கொள்வார், பிறகு ரெசிஸ்டர் மேல், பிறகு தம் மேல். இது 3.3 வோல்ட் சாதியாதலால், தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 சென்சார் அனுப்பும் 5 வோல்ட்டை நேரே கொடுத்தல் ஆகாது; இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

நான்காவது, பைக்கோ மதம். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது. 264 கிலோபைட் ரேம். பைத்தானிலும் நிரல் எழுதலாம். குறை யாதெனின், அந்த 4 டாலருக்கு வருவது ஓரங்களில் வரிசைக்கு 20 துளையுள்ள வெறும் போர்டு. பிரெட்போர்டில் குத்த, பின்களைத் தனியே வாங்கிச் சால்டர் செய்ய வேண்டும். போர்டைவிடச் சால்டரிங் அயர்னுக்கு அதிகம் செலவழித்தவர் அதை மலிவு என்று சொல்லத் தயங்குவார். பின் வைத்த வகையும் தனியே உண்டு. அதை வாங்கியவரை மதத்தார் முழுச் சீடராக ஏற்பதில்லை.

பிரிட்டனில் 2016-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட், தேர்ந்தெடுக்கும் துன்பமே இல்லாமல் கைக்கு வந்தது. எனவே அது இவ்வாய்வுக்குப் புறம்பு.

சுபக்கம்

எம்மதத்தாரும் முதலில் எழுதும் நிரல் ஒன்றே. எல்இடியை ஒரு நொடி எரித்து ஒரு நொடி அணைக்கும் ‘பிளிங்க்’. யூனோவுக்காக இதை ஆர்டுயினோ மென்பொருளில் கம்பைல் செய்தால், இது பிடிக்கும் இடம் 924 பைட், இருப்பதில் 2 சதவீதம். ரேமில் 9 பைட். மென்பொருள் அதைச் சுழியம் சதவீதம் என்றே காட்டும். தேவைப்படும் பின் ஒன்று. வேகத்தைச் சொல்லவே வேண்டாம். 16 மெகாஹெர்ட்ஸ் சிப் அந்த ஒரு நொடியைச் சும்மா காத்திருந்து கழிக்கிறது. 240 மெகாஹெர்ட்ஸ் சிப் அதே ஒரு நொடியை மிக வேகமாகக் காத்திருக்கிறது. ஆகவே மேற்சொன்ன மதங்கள் மோதிக்கொள்ளும் களத்தில் தொடக்கநிலையாளர் இன்னும் காலே வைக்கவில்லை என்க.

அவர் நிற்கும் களம் வேறு. வீட்டில் கிடந்த போன் கேபிளை எடுத்துச் செருகுகிறார். போர்டில் விளக்கு எரிகிறது. கணினியோ போர்டு வந்ததையே அறியவில்லை. ஏனெனில் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். டேட்டா போகும் இரண்டு வயர்கள் உள்ளேயே இல்லை. கேபிளை மாற்றினால் அடுத்தது டிரைவர். ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் “ஒரிஜினலா, குளோனா?” என்ற கேள்விக்குக் குளோன் என்று சொன்னவர் வாங்கிய போர்டில் கணினியோடு பேசப் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், சில கணினிகளில் அதற்கு டிரைவரைத் தனியே ஏற்ற வேண்டும். இரவு பதினொன்றரைக்கு இதை எந்த மெகாஹெர்ட்ஸும் சொல்லித் தராது. சொல்லித் தருபவர், அதே போர்டை வைத்திருப்பவர், போனை எடுப்பவர்.

ஆகவே எமது மதம் வருமாறு: உமக்குத் தெரிந்தவரிடம் எந்தப் போர்டு ஓடுகிறதோ அதையே வாங்குக. அவருடையது ஓடுவது காட்சி. ஆகவே உம்முடையதும் ஓடும் என்பது கருதல். ஓடாதபோது அவர் சொல்வது உரை. மூவகை அளவைக்கும் பொருந்தும் போர்டு இது ஒன்றே.

அப்படி ஒருவர் இல்லையெனின்? யூனோ. அது சிறந்தது என்பதனால் அன்று. உமக்கு வரப்போகும் கோளாறு முன்பே பலருக்கு வந்து, தீர்வும் எழுதப்பட்டுவிட்டது என்பதனால். முதல் நாளிலிருந்தே வைஃபை வேண்டுமென்பவர் ஈஎஸ்பி32 வாங்கலாம். வாங்கியதும் பின் அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுக. எதை வாங்கினும் டேட்டா கேபிளைக் கேட்டு வாங்குக.

இம்முடிவை மறுப்போர் தம் மறுப்பைத் தாராளமாக அனுப்பலாம். எல்இடி மின்னிய பின் அனுப்பவேண்டும் என்பதே நிபந்தனை.