மொய் எழுதியவர்கள்

பெண்ணுக்கு 15 வயது. மண்டபத்துக்குப் போனால் ஆதார் கேட்பார்கள். அறநிலையத் துறைக் கோயிலில் வயதுச் சான்று கேட்பார்கள். ஆகவே குலதெய்வக் கோயில், விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம். அதிகாரிகள் பல் துலக்குவதற்குள் தாலி ஏறிவிடும். யாருக்கும் தெரியாமல் நடக்கும் இந்தக் கல்யாணத்துக்கு வேன் பிடித்து வந்திருப்பவர்கள் முந்நூறு பேர்.

வாசலில் மேஜை போட்டு மொய் நோட்டையும் விரித்தாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, தேனி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே ஆட்கள்தான். வரிசையாக வாசிப்போம்.

முதல் மொய், தாய்மாமன். போன வருஷம்தான் மஞ்சள் நீராட்டு நடத்தி, முச்சந்தியில் அந்தக் குழந்தையை ஃபிளெக்ஸில் நிறுத்தி, வயசுக்கு வந்த சேதியை லாரிக்காரன் வரைக்கும் சொன்னவர். ஐம்பத்தொரு தட்டுச் சீரில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கிடையாது. செய்த செலவு வீணாகலாமா? தன் மகனுக்கே கேட்டுவிட்டார்.

அடுத்தவர் ஜோசியர். "இந்தத் தையை விட்டா, இருபத்தெட்டு வரைக்கும் குரு பலம் இல்லை." வருஷத்துக்கு ஒரு ராசி மாறும் குரு பகவான், இவளை மட்டும் பதிமூன்று வருஷம் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாராம்.

மூன்றாமவர் ஊர்ப் பெரியவர். "பொண்ணு போனை நோண்டிக்கிட்டே இருக்கா. எவன்கூடவாவது ஓடிட்டா சாதி மானம் என்னாகும்?" ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசும் ஒரு சாதி, தன் மானம் முழுவதையும் ஒன்பதாவது படிக்கும் பிள்ளையின் உடம்பில் ஒளித்து வைத்திருக்கிறது. அதற்குப் பூட்டு, தாலி.

நான்காவது, பள்ளிக்கூடம். வராத பெண்ணுக்கு 'லாங் ஆப்சென்ட்' என்று எழுதியதே அதன் மொய்.

அப்பன் மொய் எழுதுவதில்லை, கணக்குப் போடுகிறான். மேலே படிக்க வைத்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும். அவனுக்குப் பவுன் கூடும். புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாசம் செங்கல் சூளைக்குப் போய்விட்டால் வயசுப் பெண்ணுக்கு யார் காவல்? ஊருக்குள் பஸ் விடாத, விடுதி கட்டாத அரசாங்கமும் இப்படித்தான் மொய் எழுதுகிறது.

சட்டத்தின் மொய்தான் பெரிய மொய். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கல்யாண வயது 14 என்றது. 1978-இல் அது 18 ஆனது. 2006 சட்டம் இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று மீசை முறுக்குகிறது. ஆனால் தாலி ஏறிவிட்டால் பொதுவாக அந்தக் கல்யாணம் செல்லும்! வேண்டாமென்றால் அந்தப் பிள்ளையே கோர்ட்டுப் படியேற வேண்டும், அதுவும் 20 வயது முடிவதற்குள். கர்நாடகம் 2017-இல் திருத்தம் கொண்டுவந்து, இப்படிப்பட்ட கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. 2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மலைக்கிராமத்துச் சிறுமிக்கு அந்தக் கர்நாடகத்தில்தான் தாலி கட்டினார்கள். 14 வயது. புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அலறியவளைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நாடே காணொளியில் பார்த்தது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 நிறையும் முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஆளில்லாத இடத்தில் தாலி ஏறியது? பந்தியில் இருந்த எவரும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்திருக்கலாம். ஆனால் மொய் என்பது கடன். போட்டுக்கொடுத்தவன் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு யார் வந்து திருப்பிச் செய்வார்கள்? ஒரு பிள்ளையின் வாழ்க்கையைவிட ஐந்நூற்றொரு ரூபாய் பெரிது.

அடுத்த தைக்குள் அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவாள். நர்ஸம்மா வயசு கேட்பார். "பத்தொம்போது" என்பாள், சொல்லிக்கொடுத்தபடி. ஆதார் வேறு சொல்லும். போக்சோ சட்டம் பாயும், மாமன் மகன் உள்ளே போவான். கைக்குழந்தையோடு அவள் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைவாள். முந்நூறு பேரும் அடுத்த முகூர்த்தத்துக்கு வேன் பிடிப்பார்கள்.

தடுக்காமல் இருந்ததையும் கலந்துகொண்டதையும் சேர்த்தே குற்றம் என்கிறது 2006 சட்டத்தின் 11-ஆம் பிரிவு. சாட்சி கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும் காவல் துறைக்கு ஒரு யோசனை: அந்த மொய் நோட்டைப் பறிமுதல் செய்யுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொகை, எல்லாம் வரிசையாக, அவரவர் வாயாலேயே சொல்லி எழுதியது. இவ்வளவு சுத்தமான குற்றப்பத்திரிகையை எந்த ஸ்டேஷன் ரைட்டரும் எழுதியதில்லை.