கைமாற்றாக வந்த மீசைக்காரர்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட், குளிர்காலத்தில் என் மகனுக்கும் அவனுடைய மூன்று நண்பர்களுக்கும் சொந்தம். தவணை கட்டுவது மட்டும் நான். அவர்களுக்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நடத்திக்கொண்டிருந்த ஒரு பையனின் அண்ணன் கல்லூரிக்குப் போய்விட, டன்ஜன் மாஸ்டர் பதவி காலியாயிற்று. “அப்பா, நீ காலேஜ்ல நாடகம் எல்லாம் போட்டதா சொல்வியே” என்றான் மகன். ஆண்டுவிழா நாடகத்தில் ஈட்டியோடு வாயிற்காவலனாக நின்றதைத்தான் இருபது வருடங்களில் அந்த அளவுக்கு வளர்த்துவிட்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இன்னது செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேட்க எளிது. ஆனால், காட்டுக்குப் போகமாட்டேன் என்று ராமனே அடம்பிடித்தால் பாகவதர் என்ன செய்வார்? நான் மூன்று இரவு உட்கார்ந்து பூதக்குகை ஒன்றைத் தயார்செய்வேன். நால்வரும் குகை வாசலில் நின்ற கழுதையோடு பேசியே இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள்.

அதைவிட அவமானம், என் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே ஆளாக இருந்தார்கள். சத்திரக்காரன், எல்ஃப் ராணி, எலும்புக்கூட்டுத் தளபதி என்று யார் வாயைத் திறந்தாலும், ஜாதிச் சான்றிதழுக்கு நாளைக்கு வரச்சொல்லும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் குரல்தான் வந்தது.

எனவே வீடியோ கேமிலிருந்து ஆட்களைக் கைமாற்றாக வாங்குவது என்று முடிவுசெய்தேன். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. லெவல் ஏறுவதையும் உயிர்ப் புள்ளி குறைவதையும் வீடியோ கேம்காரர்கள் இந்த மேசை ஆட்டத்திலிருந்துதானே எடுத்துக்கொண்டு போனார்கள்? 1998-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’டில் வெள்ளெலியைக் கூடவே வைத்துக்கொண்டு அலையும் மின்ஸ்க், அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் நடத்திய மேசை ஆட்டத்தில் பிறந்தவன். பழைய பாக்கியை வசூலிக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் மாரியோ. குழாய் ரிப்பேர்க்காரர் என்றால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும் என்பதால் தச்சராக்கினேன். தொப்பியை எடுத்தேன். பெயரை மாற்றினேன். மீசையை மட்டும் விட்டுவைத்தேன். மீசையை எடுக்க எனக்கு மனம் வராது. “குள்ளமான தச்சர் ஒருவர் சுத்தியலோடு வருகிறார்” என்று ஆரம்பித்ததுமே கண்ணாடிப் பையன் கையைத் தூக்கினான். “மாரியோதானே அங்கிள்? 1981-ல ‘டான்கி காங்’ல அவர் தச்சர்தான். அப்போ பேரு ஜம்ப்மேன். 1983-லதான் பிளம்பர் ஆனார்.” என் மாறுவேடம் அவருடைய அசல் வேலையாகப் போயிற்று.

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “கதையில பிளம்பர் வர்றாராம். கிச்சன் சிங்க் மூணு வாரமா ஒழுகுது, அதுக்கு யார் வருவா?” என்றாள். நான் அவசரமாகப் பகடையை உருட்டினேன்.

உடையை வாங்கினால்தான் மாட்டிக்கொள்கிறோம், குணத்தை மட்டும் வாங்குவோம் என்று அன்றிரவு ஞானம் வந்தது. 1980-இல் தோரு இவாதானி உருவாக்கிய ‘பேக்-மேன்’ நினைவுக்கு வந்தது. அதில் துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் போகும் பக்கம் நாலு கட்டம் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். நீலப் பேய், சிவப்பு எங்கே நிற்கிறது என்றும் பார்த்துத் தன் வழியைப் போடும். ஆரஞ்சு நிற க்ளைட் இருக்கிறதே, அது ஒரு தனிப்பிறவி. தூரத்தில் இருக்கும்வரை ஆவேசமாக வரும். கிட்டே நெருங்கியதும் ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோலத் தன் மூலைக்குத் திரும்பிவிடும்.

நால்வரையும் வழிப்பறிக்கார அண்ணன் தம்பிகளாக்கிக் காட்டுப்பாதையில் விட்டேன். ஆஹா! ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியவில்லை. பின்னால் ஒருவன், முன்னால் ஒருவன் என்று பையன்கள் அலறினார்கள். கடைசித் தம்பி வாளைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து, பத்தடி தூரத்தில் நின்று, திரும்பி ஓடினான். அவனுக்குத்தான் கைதட்டல். என் இலக்கிய வாழ்வில் கிடைத்த ஒரே கைதட்டல் அது என்பதால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தலைக்கனம் ஏறியது. அடுத்த வாரம் ‘அனிமல் கிராசிங்’கிலிருந்து டாம் நூக்கை இறக்கினேன். பார்வைக்கு ரக்கூன், வீட்டைக் கட்டிக்கொடுத்துக் கடனை நம் தலையில் கட்டுவது தொழில். கடனைக் கட்டி முடித்தால் வீட்டைப் பெரிதாக்கி, இன்னும் பெரிய கடனைக் கொடுப்பார். முப்பது வருட வீட்டுக்கடனில் பத்தாவது வருடத்தில் இருக்கிற எனக்கு, இதைவிடக் கொடூரமான வில்லன் தோன்றவில்லை.

ஆறு மாத விசாவில் வந்திருந்த என் அம்மா அன்று பேஸ்மென்டில் வத்தல் காயவைக்க இடம் தேடி வந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேரன் மொழிபெயர்த்தான். “வட்டி என்னடா?” என்றார். அசலுக்கு விசுவாசமாக இருக்கவேண்டுமே! “வட்டி கிடையாதும்மா. கெடுவும் கிடையாது. முடிஞ்சப்போ கட்டலாம்.” அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அப்புறம் நீ ஏண்டா இந்த பாங்க்ல போய் விழுந்தே?”

நான்கு வீரர்களும் டிராகனை மறந்து வீடு கட்டிக் குடியேறினார்கள். தச்சு வேலைக்கு ஜம்ப்மேனைக் கூப்பிட்டார்கள். தோட்டம் போடலாமா என்று ஒருத்தன் கேட்டான். அசலிலும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியபோது, பகடையை உருட்டித்தான் ஆகவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். அம்மா உருட்டினார். ஒன்று. அந்தப் பகடையில் அதைவிட மோசமான எண் கிடையாது. பையன்கள் முகம் தொங்கிவிட்டது. அம்மாவோ, “தாயம்!” என்று கைகொட்டினார். எந்த ஊரிலடா தாயம் விழுந்து தோற்பார்கள் என்ற அவருடைய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒன்றுதான் உச்சம். பாதிக் கடன் தள்ளுபடி. டிராகன் இன்னும் குகையில் காத்திருக்கிறது.

போன சனிக்கிழமை, இனியும் தள்ளமுடியாது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆவேசமாகச் சமையலறைக்குள் போனேன். சிங்குக்குக் கீழே குனிந்தேன். மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. நாளைக்குக் கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்துதான் ஆரம்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு சோபா மூலைக்குத் திரும்பினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி, பையன்களுக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்: “ஏங்க க்ளைட்டு, வாளியையாவது வச்சுட்டுப் போங்க.”