தனி அலுவலர் வாழ்க!

கேள்வி: நம் நாடு சர்வாதிகாரத்தை நோக்கிப் போகிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லவும்.
— டெய்லர், காந்தல் முக்கோணம்

பதில்: ஒரே வார்த்தைப் பதிலுக்குக் கைதட்டுகிறவர்கள் பெருகுவதுதான் முதல் அறிகுறி. பொறுமையாகக் கீழே படியுங்கள்.

கேள்வி: இதெல்லாம் டெல்லி சமாச்சாரம். குருசடிப் பக்கம் மெழுகுவர்த்தி விற்கிற எனக்கு இதில் என்ன?
— சிறுகடைக்காரர், காந்தல்

பதில்: 2016 அக்டோபர் 24ஆம் தேதியோடு உங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் இல்லாமல் போனார். அடுத்தவர் பதவியேற்றது 2022 மார்ச்சில். நடுவே ஐந்து வருஷத்துக்கும் மேல் உதகை நகராட்சியை நடத்தியவர் தனி அலுவலர். யார் அவர்? ஆணையரேதான். ஆணையராக உட்கார்ந்து, ‘இந்தச் சாக்கடைக்கு இவ்வளவு செலவாகும், அனுமதி வேண்டும்’ என்று குறிப்பு வைப்பார். தனி அலுவலராக அதே நாற்காலியில் இருந்தபடி ‘அனுமதிக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுவார். 36 பேர் உட்கார வேண்டிய மன்றத்தில் கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை, ‘என் வார்டுக்கு ஏன் லைட் போடலை’ என்று மேஜையைத் தட்ட ஆள் இல்லை. எவ்வளவு ஒழுங்கான சபை!

அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு பச்சையாகச் சொல்கிறது. 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. சொன்னதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் நமக்கு இது நடந்தது. ராணுவம் வரவில்லை, ரேடியோ நிலையத்தை யாரும் பிடிக்கவில்லை. இதற்காக ஊட்டியில் ஒரு நாள் கடையடைப்பு நடந்ததாகவும் எனக்கு நினைவில்லை. சர்வாதிகாரம் என்றதும் நாம் பூட்ஸ் சத்தத்தைத் தேடுகிறோம். அதற்குப் பிடித்த வாக்கியமோ ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’.

கேள்வி: தப்பு அ.தி.மு.க. மேலா, தி.மு.க. மேலா?
— கேரட் வியாபாரி, ஊட்டி மார்க்கெட்

பதில்: பாதிப் பாதி எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று தி.மு.க. வழக்குப் போட்டது, ஹைகோர்ட் அறிவிப்பை ரத்து செய்தது. அதற்கப்புறம் வார்டு மறுவரையறை, அது இது என்று அ.தி.மு.க. அரசு வருஷக்கணக்கில் இழுத்தது. தி.மு.க. ஆட்சி 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புறத் தேர்தலை நடத்தியது. சபாஷ் போடலாம் என்று கையைத் தூக்கினேன். 2025 ஜனவரியில் நீலகிரி உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கையை இறக்கிவிட்டேன். 1986இல் தேர்ந்தெடுத்த மன்றங்கள் 1991இல் முடிந்து, அடுத்த தேர்தலுக்கு 1996 வரை காத்திருந்த ஊர் இது. இரண்டு கழகமும் ஒத்துப்போகிற விஷயமே இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: கவுன்சிலர் வந்தும் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இதற்குத் தனி அலுவலரே தேவலாம்.
— இல்லத்தரசி, காந்தல்

பதில்: கவுன்சிலர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு நின்று நாலு வார்த்தை கேட்டீர்களா அம்மா? தனி அலுவலர் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று அப்போது தெரியுமா?

கேள்வி: எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு ஓடியது, ஆபீஸில் ஆள் இருந்தார்கள் என்று தாத்தா சொல்கிறார். திரும்ப வந்தால் என்ன?
— கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: மேட்டுப்பாளையம் ரயில் எந்த ஆட்சியிலும் தன் வேகத்தில்தான் மலை ஏறும். தாத்தாவிடம் வேறொரு கேள்வி கேளுங்கள்: 1976 மார்ச்சில் நடக்க வேண்டிய நாடாளுமன்றத் தேர்தல் எங்கே போனது? மக்களவை தன் ஆயுளைத் தானே ஒரு வருஷம் நீட்டிக்கொண்டது. போதாமல் இன்னொரு தடவையும் நீட்டியது. இங்கே கருணாநிதி ஆட்சியின் பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. 1976 ஜனவரி 31இல் அதைக் கலைத்தார்கள். மிசா சட்டத்தில் பிடித்துப் போனவர்கள் யார் யார் என்று பத்திரிகையில் போடத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்றைய ‘முரசொலி’யில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. தணிக்கைக்காரர் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. எந்த வீட்டில் யாரைக் காணோம் என்று தேடியவர்களுக்கு அதுதான் ஜெயில் பட்டியல்.

கேள்வி: அந்த எமர்ஜென்சியில் ‘துக்ளக்’ ஆசிரியர் சோ என்ன செய்தார்?
— பழைய ‘துக்ளக்’ வாசகர், குன்னூர்

பதில்: கறுப்பு அட்டை போட்டார். அரசியல் எழுதத் தடை என்றதும் சினிமா விமர்சனம் எழுதினார். 1951இல் வந்த எம்.ஜி.ஆர். படத்துக்கு. படத்தின் பெயர் ‘சர்வாதிகாரி’.

கேள்வி: தமிழன் விழிப்பானவன். எமர்ஜென்சிக்குத் தக்க பாடம் புகட்டியிருப்பான்தானே?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோத்தகிரி

பதில்: ஐயா, புகட்டியது வடக்கு. 1977 மார்ச்சில் இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார். அதே தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் பெரும்பாலானவற்றை அள்ளியது காங்கிரஸ்–அ.தி.மு.க. கூட்டணி. நம் நீலகிரியும் அந்தப் பக்கம்தான். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது. அதனால் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவில் ‘தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம்’ என்கிறார்களே, அவர்களுக்கு என்ன வந்தது?
— பேக்டரி சூப்பர்வைசர், குன்னூர்

பதில்: வெளிநாட்டுக்காரன் நம் டீத்தூளுக்கு நல்ல மார்க் போட்டால் டப்பாவிலேயே அச்சடிக்கிறோம், குறைத்துப் போட்டால் மட்டும் அவனுக்கு நாக்கு சரியில்லை என்கிறோம். வி-டெம் நிறுவனம் 2021 அறிக்கையில் அப்படிச் சொன்னது. அதன் அளவுகோலில் எனக்கும் சண்டை உண்டு. 2024இல் ஆளும் கட்சி தனிப் பெரும்பான்மையை இழந்ததும் இதே நாட்டில்தான். ஆனால் பேச்சுரிமை, பத்திரிகை என்று அவர்கள் கேட்கிற கேள்விகளை நம் அளவுகோலில் வைத்தாவது நாம் கேட்க வேண்டாமா?

கேள்வி: ஸ்டேன் சுவாமியைப் பற்றி ஒரு வரி.
— மறைக்கல்வி ஆசிரியை, காந்தல்

பதில்: இதற்கு எனக்குக் கிண்டல் வராது. திருச்சிப் பக்கம் பிறந்த இயேசு சபைத் துறவி; 2020 அக்டோபர் 8இல் கைது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லை. உறிஞ்சு குழல் வைத்த குவளை கேட்டு மனுப் போட்டார். ஒரு குவளைக்கு வாரக்கணக்கில் வாய்தா. 2021 ஜூலை 5இல், 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். வழக்கு விசாரணை அப்போதும் தொடங்கியிருக்கவில்லை.

கேள்வி: ஊட்டி ராஜ்பவனில் கவர்னர் கூட்டிய துணைவேந்தர் மாநாட்டுக்குத் துணைவேந்தர்களே வரவில்லையே! இதில் யார் சர்வாதிகாரி?
— டாக்ஸி டிரைவர், சேரிங்கிராஸ்

பதில்: 2025 ஏப்ரலில் நடந்தது. துணை ஜனாதிபதி வந்தார். மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெரும்பாலும் வரவில்லை. போலீஸை வைத்து மிரட்டினார்கள் என்றார் கவர்னர். அது உண்மையானால் மாநில அரசுக்கு வெட்கக்கேடு. ஆனால் 2020 முதல் சட்டசபை அனுப்பிய மசோதாக்களை மேஜையில் வைத்துக்கொண்டு ‘பார்க்கலாம்’ என்றிருந்தது யார்? ஏப்ரல் 8இல் சுப்ரீம் கோர்ட் அது தப்பு என்றது. பத்து மசோதாவுக்கு ஒப்புதல் ஆனதாகவே கொள்ளலாம் என்றது. நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கவர்னருக்குக் கெடு வைக்க முடியாது, காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் கோர்ட் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. காலவரை எது என்பதுதானே சார் தகராறே!

கேள்வி: நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அங்கே ஓட்டு இல்லாமல் போன கதையை அப்பா சொல்வார். ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கமே எப்படி ஓட்டைப் பறிக்க முடியும்?
— டேன்டீ தொழிலாளி, கோத்தகிரி

பதில்: சட்டம் போட்டுத்தான். 1947 தேர்தலில் மலையகத் தமிழருக்கு ஏழு எம்.பி.க்கள் கிடைத்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் இல்லை. எல்லாம் நாடாளுமன்றத்தில், மெஜாரிட்டியோடு, முறைப்படி. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசின் மந்திரிசபையிலேயே சேர்ந்தார். செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சி கண்டார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? தோட்டத்தில் முதலில் ஓட்டு கையைவிட்டுப் போனது, பிறகு குடியிருந்த லயன் காம்பராவே கையைவிட்டுப் போனது. ஆகவே வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று யாராவது படிவத்தோடு வந்தால், டீக்கடையில் அலுத்துக்கொள்வதற்கு முன்னால் வரைவுப் பட்டியலில் வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர்களைவிட நீங்கள் ரெண்டு தடவை பார்ப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: சரி, என்னை மாதிரி ஆள் என்னதான் செய்வது?
— ஆட்டோ டிரைவர், காந்தல்

பதில்: இப்போதைய கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2. ஐந்தைக் கூட்டி, ஆட்டோவில் மாட்டியிருக்கும் காலண்டரில் வட்டம் போடுங்கள். அதற்குள் அடுத்த தேர்தல் முடியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள் மனு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரே கேள்வி: ஏன்? 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கு ஸ்டாம்பும் வேண்டாம்.